2020 டிராஃப்ட்டில் கிரீன் பே பேக்கர்ஸ் செய்தது தவறா?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வேலைக்காக விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கிக்குக் குடிவந்திருக்கிறீர்கள்; அங்கே பேச்செல்லாம் அதே மாநிலத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸைப் பற்றி. அலுவலகத்தில் ஒருவர், "2020 டிராஃப்ட்தான் ஆரோன் ராஜர்ஸைத் துரத்தியது, ஒரு கோப்பையையும் பறித்தது" என்கிறார். இன்னொருவர், "அந்த டிராஃப்ட்தான் அடுத்த பத்தாண்டுக்கான குவார்ட்டர்பேக்கைக் கொடுத்தது" என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. (ராஜர்ஸ் அன்று அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்; டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது.) அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: ஒன்பது வீரர்களைத் தேர்ந்தெடுத்த ஒரு டிராஃப்ட்டுக்கு ஒற்றை மதிப்பெண் போட முடியுமா? முதலாவதுக்கு விடை சொல்ல வேண்டுமானால் இரண்டாவதை விலக்கிவிட முடியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அணிகளுக்காக வீரர்களைத் தேடிச் செல்லும் தொழில்முறைக் கணிப்பாளன் அல்லன். இருபது ஆண்டுகளாக இந்த ஓர் அணியை மட்டும் விடாமல் பார்த்துவரும் ரசிகன். ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்ட் முடிந்த இரவே ஒரு நோட்டில் என் கருத்தை எழுதிவிடுவேன். பிறகு அதைத் திருத்துவதில்லை. ஐந்தாண்டு கழித்துத்தான் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். 2020 பக்கத்தின் தலையில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, "ரிசீவர் எங்கே?" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். ரிசீவர் என்றால் குவார்ட்டர்பேக் வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர். கீழே சொல்லப்போவதில் பாதி, அந்த இரவின் கோபத்தை நானே மறுபரிசீலனை செய்ததன் விளைவு.

டிராஃப்ட் முறை உங்களுக்குப் புதிது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.பி.எல். ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசை பேசும். முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணி முதலில் கல்லூரி வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், வென்ற அணி கடைசியில். இப்படி ஏழு சுற்றுகள். 2020-இல் மொத்தம் 255 பேர் தேர்வானார்கள். வரிசையில் தனக்குரிய இடத்தை இன்னோர் அணியோடு மாற்றிக்கொள்ளலாம். எல்லாச் சண்டைக்கும் வேர் அங்கேதான்.

2019 சீசனில் பேக்கர்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி. லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதியாட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தின் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுவதிலும் எட்டே எட்டு முறைதான் பந்தை வீசினார். தேவையே இருக்கவில்லை. ரஹீம் மோஸ்டர்ட் என்ற ஓட்டக்காரர் ஒருவரே பந்தைத் தூக்கிக்கொண்டு 220 கெஜம் ஓடி நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்தார். ஓடி வருபவனை நிறுத்த ஆளில்லாமல் தோற்ற அணி அது. நாங்களோ ஏப்ரல் வந்ததும் ஒரே குரலில் ரிசீவர் வேண்டும் என்று கேட்டோம். டவான்டே ஆடம்ஸுக்கு அடுத்து நம்பத்தக்க ரிசீவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோற்ற காரணம் வேறு, நாங்கள் கேட்ட மருந்து வேறு. இது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

பேக்கர்ஸுக்கு 30-ஆவது இடம். கொரோனா காலமாதலால் எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே டிராஃப்ட்டை நடத்தினார்கள். லீக் ஆணையர் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் அமர்ந்து பெயர்களை வாசித்தார். பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் 30-ஆவது இடத்தோடு நான்காம் சுற்றின் 136-ஆவது இடத்தையும் மயாமிக்குக் கொடுத்து 26-க்கு ஏறினார். ஏறுகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டோம். வாசிக்கப்பட்ட பெயர் ஜோர்டன் லவ், யூட்டா ஸ்டேட் கல்லூரியின் குவார்ட்டர்பேக். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் வாசல்படியில் நின்ற அணி, ராஜர்ஸைப் போன்றவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவந்தது. என் மனைவி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். லவ் நல்ல குவார்ட்டர்பேக் ஆகிவிட்டார். இதில் விவாதத்துக்கு இடமில்லை. 2023-இல் முதன்முறையாக அணியின் பொறுப்பை ஏற்றார்; அந்த சீசனில் 4,159 கெஜம், 32 டச்டவுன், 11 இடைமறிப்பு (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு). தொடக்கத்தில் 3 வெற்றி, 6 தோல்வி என்று அணி தடுமாறியது. கடைசி எட்டு ஆட்டங்களில் அவர் வீசிய டச்டவுன் 18, எதிரணி பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. டாலஸுக்குச் சென்று பிளே-ஆஃப் ஆட்டத்தில் 48-32 என்று வென்றார்கள். ஏழாம் நிலையில் தகுதி பெற்ற அணி பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றை வென்றது அதுவே முதல் முறை. 2024 ஜூலையில் நான்காண்டுக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. முதல் சுற்றின் பின்பகுதியில் எடுக்கப்பட்ட ஒரு குவார்ட்டர்பேக் இந்த நிலைக்கு வருவது அரிது.

அன்றைய நிலையில் அது நியாயமான பந்தயமா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளப்பது ரசிகர்கள் எல்லோரும் செய்யும் பிழை. ராஜர்ஸுக்கு அப்போது 36 வயது. முந்தைய இரண்டு சீசன்களிலும் அவர் ஆட்டம் பழைய உச்சத்தில் இல்லை. 2018-இல் 25 டச்டவுன், 2019-இல் 26. லவ் கல்லூரியில் 2018-இல் 32 டச்டவுனும் 6 இடைமறிப்பும் என்று மின்னினார். பயிற்சியாளர் மாறி, கூட ஆடியவர்கள் பலர் விடைபெற்ற 2019-இல் 20 டச்டவுன், 17 இடைமறிப்பு. கை இருக்கிறது, நிதானம் இல்லை என்பதுதான் அன்றைய பொது மதிப்பீடு. மூன்றாண்டு உட்கார வைத்துச் செதுக்க வசதியுள்ள அணிக்கு அப்படிப்பட்டவர் பொருத்தமானவர். கிரீன் பே அதை முன்பே செய்து காட்டியிருக்கிறது: 2005-இல் குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் ஆடிக்கொண்டிருந்தபோதே 24-ஆவது இடத்தில் ராஜர்ஸை எடுத்து, மூன்றாண்டு காத்திருக்க வைத்து, 2008-இல் ஃபாவ்ரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பினார்கள். 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் சூப்பர் பௌல் வென்றார். 2023-இல் ராஜர்ஸும் அதே ஜெட்ஸுக்குப் போனார்.

விலையையும் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் அணியில் உருவாகி, ஜிம்மி ஜான்சன் பெயரால் வழங்கும் மதிப்பு அட்டவணை ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி. அதன்படி 26-ஆவது இடத்துக்கு 700. 30-க்கு 620, 136-க்கு 38. பேக்கர்ஸ் கொடுத்தது 658, வாங்கியது 700. அட்டவணை வேதவாக்கு அல்ல, ஆனால் அள்ளிக் கொடுத்து ஏறினார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. உங்கள் அலுவலக நண்பர் சொல்லும் 'பறிபோன கோப்பை'. இரண்டு ஆட்டங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2020 சீசனில் லவ் ஓர் ஆட்டத்துக்குக்கூடச் சீருடை அணியவில்லை. மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்காக ஆண்டு முழுவதும் ஓரத்தில் நின்றார். அதாவது முதல் சுற்றுத் தேர்வால் அந்த ஆண்டு அணிக்குக் கிடைத்தது பூஜ்யம். இருந்தும் அதே ஆண்டு பேக்கர்ஸ் 509 புள்ளிகள் குவித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்கள். ராஜர்ஸ் 48 டச்டவுன் வீசி, வெறும் 5 இடைமறிப்போடு சிறந்த வீரர் விருது வென்றார். புதிய ரிசீவர் இல்லாமலே இது நடந்தது. 2021 ஜனவரியில் சொந்த மண்ணில் டாம்பாவிடம் 31-26 என்று தோற்றதற்கு ரிசீவர் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது கடினம். முதல் பாதி முடிய ஒரு விநாடி மிச்சமிருக்கையில் ஸ்காட்டி மில்லர், தடுப்பாளர் கெவின் கிங்கைத் தாண்டி ஓடி 39 கெஜ டச்டவுன் அடித்தார். ஆட்டம் முடியச் சுமார் இரண்டு நிமிடம் இருக்கும்போது, எட்டுப் புள்ளி பின்தங்கி, எல்லைக் கோட்டிலிருந்து எட்டுக் கெஜத்தில் நின்ற அணி, டச்டவுனுக்கு முயலாமல், கடைசி வாய்ப்பான நான்காம் முயற்சியில் மூன்று புள்ளிக்கு உதைத்தது. அதற்குப் பிறகு பந்து எங்கள் கைக்கு வரவே இல்லை. அந்த முடிவைப் பயிற்சியாளர் மேட் லாஃப்ளூர் எடுத்தார். டிராஃப்ட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்த ஆண்டு வேறு கதை. 2022 ஜனவரியில் பனி பெய்த இரவில் சான் பிரான்சிஸ்கோவிடம் 13-10 என்று தோற்றார்கள். தடுப்பாட்டம் எதிரணியின் தாக்குதலாட்டத்தை ஒரு டச்டவுன்கூட அடிக்கவிடவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஒரே டச்டவுன், பேக்கர்ஸின் உதை தடுக்கப்பட்டு விழுந்த பந்தை எடுத்து ஓடியதால் வந்தது. பந்து பிடித்தவர்களின் கணக்கைப் பாருங்கள்: ஆடம்ஸ் 9, ஓட்டக்காரர் ஆரோன் ஜோன்ஸ் 9, மீதி எல்லோரும் சேர்த்து 2. ஆடம்ஸ் மீது இரண்டு பேரைப் போட்டு அடைத்துவிட்டால் போதும் என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு இன்னொரு நல்ல ரிசீவர் இருந்திருந்தால் என்ற ஏக்கம் நியாயமானது. உங்கள் நண்பரின் வாதத்துக்கு வலுவான சாட்சி இந்த ஓர் ஆட்டம்தான். நானும் இதை அவர் பக்கத்துக்கே எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் 'ரிசீவரை எடுத்திருந்தால்' என்று சொல்லும்போது மனத்தில் எந்த ரிசீவர்? 26-ஆவது இடம் வருவதற்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். ஜஸ்டின் ஜெபர்சன் 22-இல் மினசோட்டாவுக்கு, பிராண்டன் ஐயுக் 25-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு. மிச்சமிருந்தவர்களில் சிறந்தவராக அமைந்தவர் டீ ஹிகின்ஸ். 33-இல் சின்சினாட்டி எடுத்தது. 2021-இல் 1,091 கெஜம் பிடித்து அந்த அணி சூப்பர் பௌல் செல்ல உதவினார். பேக்கர்ஸ் 30-இல் அசையாமல் இருந்திருந்தாலே அவர் கிடைத்திருப்பார். அதே ஆண்டு 21-ஆவது இடத்தில் ஃபிலடெல்ஃபியா, ஜெபர்சனை விட்டுவிட்டு ஜேலன் ரேகரை எடுத்ததையும் மறக்கக் கூடாது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்ட்களை ஆராய்ந்து கண்ட செய்தி இங்கே உதவும்: ஒரே வகை ஆட்டக்காரர்களில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு, பாதிக்குச் சற்றே மேல். காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சற்று மேல், அவ்வளவே. 'ரிசீவர்' என்றால் நாம் ஹிகின்ஸை நினைக்கிறோம், ரேகராகவும் இருந்திருக்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். லவ்வுக்கு அடுத்த இரண்டு இடங்களிலும், 27-இல் ஜோர்டின் புரூக்ஸ், 28-இல் பேட்ரிக் குவீன் என்று லைன்பேக்கர்கள் போனார்கள். ஓடி வருபவனை நிறுத்தும் ஆட்கள். மோஸ்டர்ட் ஓடிய 220 கெஜத்துக்கு உண்மையான மருந்து அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். அதை அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

லவ் தேர்வுக்கு எதிரான வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது பலர் பேசாத ஒன்று. இளம் குவார்ட்டர்பேக்கின் பெரிய லாபம் அவருடைய முதல் ஒப்பந்தம். நான்காண்டு குறைந்த சம்பளம். மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். லவ் அந்த நான்கில் மூன்றை ஓரத்தில் உட்கார்ந்தே கழித்தார். மலிவாக ஆடிக் கொடுத்தது 2023 என்ற ஒரே ஆண்டு. அடுத்த கோடையிலேயே சந்தை விலை. அதே டிராஃப்ட்டில் 53-ஆவது இடத்தில் ஃபிலடெல்ஃபியா எடுத்த ஜேலன் ஹர்ட்ஸை எண்ணிப் பாருங்கள். அங்கேயும் ஆடும் குவார்ட்டர்பேக் இருந்தார், அங்கேயும் ரசிகர்கள் கொதித்தார்கள். ஹர்ட்ஸ் முதல் சீசன் முடிவதற்குள் களமிறங்கினார்; 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌல் வென்று அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் ஆனார். பேக்கர்ஸ் காத்திருந்ததற்கு ஈடாக ராஜர்ஸின் இரண்டு சிறந்த வீரர் விருதுகளும், அந்த இரண்டு சீசன்களில் 26 வெற்றிகளும் கிடைத்தன. லவ் வந்த கோபத்தால்தான் ராஜர்ஸ் அப்படி ஆடினார் என்று சிலர் சொல்வார்கள். அதை நிரூபிக்க யாராலும் முடியாது. அதன்மேல் எந்த முடிவையும் கட்டாதீர்கள்.

என் கோபம் இப்போது வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. லவ்வுக்குப் பின் வந்த எட்டுப் பெயர்களைப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் ஓட்டக்காரர் ஏ.ஜே. டில்லன். நல்ல ஆட்டக்காரர், 2020 டிசம்பரில் டென்னசிக்கு எதிராகப் பனியில், மலைபோன்ற உடம்பைத் தூக்கிக்கொண்டு 124 கெஜம் ஓடி இரண்டு டச்டவுன் அடித்ததைப் பார்த்துக் குழந்தைபோலக் குதித்தேன். ஆனால் அணியில் ஆரோன் ஜோன்ஸ் ஏற்கெனவே இருந்தார். அவரே 2017-இல் ஐந்தாம் சுற்றில் கிடைத்தவர். பின்சுற்றில் கிடைக்கும் வகை ஆளுக்கு இரண்டாம் சுற்றைச் செலவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் டைட் எண்ட் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) ஜோசையா டெகுவாரா. முதல் ஆண்டே முழங்கால் தசைநார் கிழிந்தது, பிறகும் முக்கிய ஆட்டக்காரராகவில்லை. நான்காம் சுற்று கையில் இல்லை, லவ்வுக்கு விலையாகப் போய்விட்டது. லைன்பேக்கர் தேவைக்கு விடையாக ஐந்தாம் சுற்றில், 175-ஆவது இடத்தில் கமால் மார்ட்டின். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் அணியில் இல்லை. ஆறாம் சுற்றில் எடுத்த, குவார்ட்டர்பேக்குக்கு அரணாக முன்வரிசையில் நிற்கும் மூன்று வரிசைக் காவலர்களில் ஜான் ரன்யன் ஒருவர் மட்டும் மூன்று சீசன் தொடக்க ஆட்டக்காரராக நின்றார். 192-ஆவது இடத்துக்கு அது பெரும் வெற்றி. கடைசிச் சுற்றின் இருவரும் நிலைக்கவில்லை.

ஒன்பது தேர்வுகள், ஒரு ரிசீவர்கூட இல்லை. ரிசீவர்கள் நிறைந்த ஆண்டு என்று எல்லோரும் பேசிய ஆண்டில் இது நடந்தது. 94-ஆவது இடத்தில் டெகுவாராவை எடுத்தபோது, பின்னால் 128-இல் பஃபலோவுக்குப் போன கேப்ரியல் டேவிஸ் இருந்தார். எங்கள் பரம எதிரி சிகாகோ 173-இல் டார்னெல் மூனியை எடுத்தது. அவர் 2021-இல் ஆயிரம் கெஜம் தாண்டினார். இந்தப் பெயர்களைக் கச்சிதமாகச் சொல்வது பின்புத்தி, ஒப்புக்கொள்கிறேன். எந்த மூனி நன்றாக ஆடுவார் என்பது அன்று சிகாகோவுக்கும் உறுதியாகத் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்பதில் ஒரு விதையையாவது அந்த நிலத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது பின்புத்தி இல்லை. அன்றிரவே என் நோட்டில் இருக்கிறது. அணித் தரப்புக்கு நியாயமாக ஒன்றும் சொல்லலாம். டெவின் ஃபஞ்சஸ் என்ற அனுபவ ரிசீவரை டிராஃப்ட்டுக்கு முன்பே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். கொரோனாவால் அந்த சீசனிலிருந்து அவர் விலகிக்கொண்டார். அதை ஏப்ரலில் யாரும் கணித்திருக்க முடியாது.

ராஜர்ஸ் போனதற்கும் இந்த டிராஃப்ட்டுக்கும் உள்ள தொடர்பு பாதி உண்மை. தேர்வு அவரைப் புண்படுத்தியதைவிட, முன்கூட்டிச் சொல்லாமல் செய்தது அதிகம் புண்படுத்தியது. அவரிடம் முன்பே பேசியிருக்கலாம் என்று குட்டகன்ஸ்டே பிறகு ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகும் ராஜர்ஸ் மூன்று சீசன் கிரீன் பேயில் ஆடினார். 2023-இல் அவரைக் கொடுத்து வாங்கிய இடங்கள் லூகஸ் வான் நெஸ், லூக் மஸ்கிரேவ் என்று அணியை நிரப்பின.

உண்மையில் கோப்பையைப் பறித்த டிராஃப்ட் எது என்று கேட்டால், நான் 2017-ஐச் சொல்வேன். அப்போது டெட் தாம்சன் பொது மேலாளர். 29-ஆவது இடத்தை கிளீவ்லாந்துக்குக் கொடுத்துவிட்டு 33-க்கு இறங்கினார்கள். அடுத்த இடமான 30-இல் பிட்ஸ்பர்க் எடுத்தவர் டி.ஜே. வாட்: விஸ்கான்சின் மண்ணில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2021-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். 33-ஆவது இடத்தில் பேக்கர்ஸ் எடுத்தவர்தான் கெவின் கிங். டாம்பா ஆட்டத்தில் மில்லர் தாண்டி ஓடிய அதே கிங். அவரை மட்டும் குறை சொல்வது முறையன்று, காயங்களோடு போராடியவர். அந்த ஓர் இடமாற்றத்தின் நிழல் மட்டும் நான்காண்டு கழித்து அந்த ஆட்டத்தின் மேல் விழுந்தது.

ஆகவே என் நோட்டில் இப்போது இப்படித் திருத்தாமல் கீழே சேர்த்திருக்கிறேன்: முதல் சுற்று நல்ல தேர்வு, நியாயமான விலை, பலன் தாமதம். இரண்டும் மூன்றும் சுற்றுகள் வீண். ரன்யன் ஒரு பரிசு. ஒன்பதையும் சேர்த்து மதிப்பெண் கேட்டால் சராசரிக்கு மேல் என்பேன், அதுவும் லவ் ஒருவரின் பலத்தில். அணிகளின் மருத்துவக் கோப்புகளும் நேர்காணல் குறிப்புகளும் நம்மைப் போன்றவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆகையால் ஏன் எடுத்தார்கள் என்பதைப் பற்றி நான் சொல்வதைவிட, என்ன விளைந்தது என்பதைப் பற்றிச் சொல்வதை அதிகம் நம்புங்கள்.

இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. லவ்வின் ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. நேரம் கிடைத்தால் 2024 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தின் கடைசி ஒரு நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். 24-21 என்று மூன்று புள்ளி பின்தங்கிய நிலை. லவ் வலப்பக்கம் ஓடுகிறார், கால் ஊன்றவில்லை, உடலுக்குக் குறுக்கே திருப்பி நடுக்களத்துக்கு வீசுகிறார். டிரே கிரீன்லா பிடித்துக்கொள்கிறார், ஆட்டம் முடிகிறது. யூட்டா ஸ்டேட்டில் 17 முறை எதிரணி பிடித்த பந்துகளின் சாயல் அந்த ஒரு வீச்சில் தெரியும். அதற்கு ஒரு வாரம் முன்பு டாலஸில் 21 வீச்சில் 16 சேர்த்து 272 கெஜம் எடுத்தவரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு உங்கள் அலுவலக நண்பர்கள் இருவரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள்.